ஆண் மரமென்று வெட்டப்படும் மல்பெரி

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளின் ஓரத்திலும், ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் கட்டிக்கொண்ட கம்பத்து வீடுகளின் கொல்லையிலும் மல்பெரி பரவலாக நிற்கிறது. கன்றாக வாங்கி நட்டால் இரண்டு மூன்று வருடத்தில் கூரையைத் தொட்டுவிடும். இலை காடாய் மண்டிக் கிடக்கும், பழமோ ஒரு கைப்பிடிகூடத் தேறாது. அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் வந்து, "இது ஆண் மரம்ணே, காய்க்காது. வெட்டிப் போட்டுட்டு ஒரு மாங்கன்னு வைங்க" என்று சொல்லிவிடுவார். அடுத்த வாரமே பாராங் கத்தி இறங்கிவிடும். இந்தத் தீர்ப்பு என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அது பெரும்பாலும் தவறு. கன்று விற்பவர் எவரும் ஆண் மரத்தில் குச்சி ஒடித்துப் பையில் நடுவதில்லை. நன்றாகக் காய்க்கிற மரத்திலிருந்துதான் எடுக்கிறார். குச்சியில் வந்த மரம் தாய் மரத்தின் அச்சு அசல். தாய் காய்த்திருந்தால் இதுவும் காய்க்கத்தான் வேண்டும். காய்க்காமல் நிற்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு முன், நிற்பது மல்பெரிதானா என்று பார்த்துவிட வேண்டும்.

கொல்லையில் நிற்பது மல்பெரிதானா

வாங்கி நட்டதென்றால் சந்தேகமில்லை. பறவை எச்சத்தில் முளைத்து வேலியோரமாக வளர்ந்ததென்றால்தான் குழப்பம். முதலில் ஓர் இளம் இலையைக் காம்போடு கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் கசியும். பலா, அத்தி, ஆல், அரசு எல்லாம் இதற்குச் சொந்தம். ஒரே குடும்பம் என்பதால் இந்தப் பால். பிறகு இலை கிளையில் அமர்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒன்று, சற்று மேலே அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். இலையின் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் பிரியும், விளிம்பு ரம்பப்பல்லாக இருக்கும். ஒரே மரத்தில் ஓர் இலை முழுதாக இருக்க, பக்கத்து இலை இரண்டு மூன்று பிளவாக வெட்டுப்பட்டிருக்கும். இதைப் பார்த்து இரண்டு சாதி கலந்துவிட்டதென்று நினைப்பவர்கள் உண்டு. வேகமாக வளரும் இளங்கிளையில் பிளவு இலை அதிகம், முதிர்ந்த கிளையில் முழு இலை அதிகம், அவ்வளவுதான். இன்னும் ஐயமிருந்தால் சாங்குல் மண்வெட்டியால் லேசாகக் கீறி ஒரு வேரைப் பாருங்கள். மல்பெரி வேரின் பட்டை நல்ல மஞ்சளாக இருக்கும்.

இதோடு மாறிப்போகிற மரங்கள் நம் பக்கத்தில் சில உண்டு. காலி நிலத்தில் முதலில் தலைகாட்டும் மெங்கிராய் மரத்துக்கும் மூன்று நரம்பும் சொரசொரப்பான இலையும் இருக்கும், ஆனால் பால் வராது, காயும் மிளகளவு உருண்டைதான். ரோட்டோரத்துச் செர்ரிப் பழ மரத்தின் இலை தொட்டால் பிசுபிசுக்கும், அதன் அடிப்பாகம் ஒருபுறம் சரிந்திருக்கும், அதிலும் பால் கிடையாது. பேயத்தியில் பால் உண்டு, ஆனால் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். கொஞ்சம் கஷ்டம் கொடுப்பது பிராய் மரம், மலாய்க்காரர்கள் கெசினாய் என்பார்களே, அது. பாலும் உண்டு, இலையும் மாறி மாறித்தான் வரும். ஆனால் அதன் இலை சின்னது, காம்பு இருப்பதே தெரியாது, மேலே தடவினால் உப்புத்தாள் போல விரலைப் பிடிக்கும். மல்பெரி இலைக்கு விரல் நீளக் காம்பு உண்டு, மேற்புறம் வழவழப்பாக இருக்கும்.

அடுத்து எந்த மல்பெரி என்ற கேள்வி. பழம் கறுப்பாக இருப்பதால் கறுப்பு மல்பெரி என்று பையில் எழுதி விற்கிறார்கள். பழத்தின் நிறத்தை வைத்துச் சாதியைச் சொல்ல முடியாது. சீனாவிலிருந்து உலகமெங்கும் பரவிய வெள்ளை மல்பெரியிலேயே வெள்ளை, ஊதா, கறுப்பு என்று எல்லா நிறத்திலும் பழம் உண்டு. நம் ஊரில் கறுப்பாகப் பழுப்பதில் பெரும்பாலானவை அதுவும் அதன் கலப்புகளும்தான். தாவரவியலில் கறுப்பு மல்பெரி எனப்படுவது மேற்கு ஆசியப் பக்கத்து மரம். இலை தடித்து, ரோமம் படர்ந்து சொரசொரப்பாக இருக்கும். குளிரும் வறண்ட கோடையும் கேட்கிற மரம் அது, கெடாவின் புழுக்கத்தில் தேறாது. விரல் நீளத்துக்குத் தொங்குகிற பழம் என்றால் அது இன்னொரு சாதி. அதன் இனத்து மரம்தான் நமக்கு எதிர்க்கரையில், மேற்கு சுமத்ராவின் அடையாள மரமாக வைத்துப் போற்றப்படும் அண்டாலஸ். நீளப் பழம் இனிப்பு, புளிப்பு குறைவு. தாழ்வான நிலத்தில் குட்டைப் பழ மரம் அளவுக்கு அள்ளிக் கொடுப்பதில்லை என்பதால், ஒரு மரத்துக்குத்தான் இடமிருக்கிறது என்பவருக்கு நான் குட்டைப் பழத்தைத்தான் சொல்வேன்.

ஆணா பெண்ணா

இலையைப் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது. மரத்தின் உயரத்தைப் பார்த்தும் முடியாது. பூவைத்தான் பார்க்க வேண்டும். புதுத் தளிரின் அடியில், இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் அது வரும். பெண் பூங்கொத்து அரை அங்குலத்துக்கும் குறைவான பச்சை உருண்டை. கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அதன் மேல் வெள்ளை நூல்கள் இரண்டிரண்டாக விரிந்து நிற்கும். ஒவ்வொரு ஜோடி நூலும் ஒரு தனிப் பூவினுடையது, ஒவ்வொரு பூவும் பிறகு ஒரு மணியாகப் பருக்கும். நாம் ஒரு பழம் என்று வாயில் போடுவது பல பூக்களின் கூட்டம். பழுத்த பிறகும் அந்த நூல்கள் காய்ந்து கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூங்கொத்து அதைவிட நீளமாக, தளர்வாகத் தொங்கும். விரல் பட்டால் மகரந்தம் தூசியாகப் பறக்கும், ஓரிரு நாளில் வாடிச் சருகாக உதிர்ந்துவிடும். அந்தச் சின்னப் பூ தன் மகரந்தத்தை வீசுகிற வேகம் ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேல் என்று 2006இல் அளந்து சொன்னார்கள். செடி கொடிகளில் அளக்கப்பட்ட அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் அது ஒன்று.

ஆண் பூவைக் கண்ணால் பார்த்தவர் மட்டுமே ஆண் மரம் என்று சொல்லலாம். எந்தப் பூவும் இல்லாமல் வெறும் இலையோடு நிற்கிற மரத்தை ஆண் என்றும் சொல்ல முடியாது, மலடு என்றும் சொல்ல முடியாது, இன்னும் பூக்கவில்லை. பக்கத்தில் ஆண் மரம் இல்லாததால் காய்க்கவில்லை என்று இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். அதுவும் பொருந்தாது. நம்மிடம் புழங்கும் மல்பெரிகளில் பல மகரந்தமே படாமலும் காய் பிடிக்கக் கூடியவை.

பால்மரம் சொல்லித் தரும் பாடம்

பூக்காததற்கு விடை பால்மரத்திடம், அதாவது ரப்பர் மரத்திடம், இருக்கிறது. ஜனவரி கடைசியில் வறட்சி தொடங்கினால் அது இலையெல்லாம் சிவந்து உதிர்ந்து மொட்டையாக நிற்பதையும், பால் குறைவதையும், பிறகு செம்புநிறத் துளிரோடு பூவும் சேர்ந்து வருவதையும் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மல்பெரியும் அப்படி இலையுதிர்க்கிற சாதிதான். அதன் சொந்த ஊர்களில் குளிர் வந்து இலையை உதிர்த்துவிடும். குளிர் விலகியதும் கிளையில் உறங்கிய மொட்டுகள் அத்தனையும் ஒன்றாக விழிக்கும், அந்த மொட்டுகளுக்குள்ளேதான் பூ இருக்கிறது. நமக்குக் குளிர் கிடையாது. இங்குள்ள ஒரு மாத வெயில் பால்மரத்துக்குப் போதும், மல்பெரிக்குப் போதாது. இலையை விடாமல் பிடித்துக்கொண்டு உச்சி மட்டும் மேலே மேலே போகும். உச்சியும் முதிர்ந்த இலையும் இருக்கும்வரை கக்கத்து மொட்டுகள் எழாது. குளிர் செய்கிற வேலையை இங்கே கவாத்துக் கத்தரி செய்ய வேண்டும். வெட்டுவது பாதி வேலை, இலையை நீக்குவது மீதி. வெட்டிவிட்டு இலையை விட்டுவைப்பவர்களுக்குத்தான் அரைகுறையாகக் காய்க்கிறது.

ஓங்கி வளர்ந்துவிட்ட மரத்தை இரண்டு தடவையாக இறக்குவது நல்லது. நெஞ்சளவில் கைகள் போல மூன்று நான்கு பெரிய கிளைகள் மட்டும் நிற்கும்படி ஒரு கட்டுமானம் வேண்டும். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டைகளை ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுத்தால் பால் ஒழுகிக்கொண்டே இருக்கும், வெட்டு ஆறுவதற்குள் மழைநீர் இறங்கி நடுமரம் இற்றுப்போகும். ஆகவே முதல் வருடம் பாதிக் கைகள், அடுத்த வருடம் மீதி. வெயில் மாதமான ஜனவரி கடைசி, பிப்ரவரி இந்த வேலைக்குத் தோதானது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையான அடைமழையில் பெரிய கட்டையில் கை வைக்க வேண்டாம். பாராங்கில் வெட்டினால் பட்டை பிளக்கும், பிளந்த இடத்தில் பூஞ்சை ஏறும். பெரிய கிளைக்கு ரம்பம், சிறியதற்குக் கத்தரி. இரண்டையும் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானம் அமைந்த பிறகு நடப்பது சின்னக் கவாத்து. காய்த்து முடிந்த ஒவ்வொரு பக்கக் கிளையையும் அடியிலிருந்து ஒரு சாண் விட்டு, நான்கைந்து மொட்டு மிஞ்சும்படி வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. பென்சிலை விட மெல்லிய குச்சி, உள்நோக்கிப் போவது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாம் அடியோடு போகட்டும். பிறகு மிஞ்சிய இலைகள். கீழ்நோக்கி இழுத்தால் பட்டை நாராக உரிந்து வரும், மேல்நோக்கி இழுத்தால் கக்கத்து மொட்டு சேர்ந்து போகும். காம்பின் பாதியில் கத்தரித்து விடுவதே சரி. மிஞ்சிய காம்பு சில நாளில் பழுத்துத் தானாக விழும். மரம் மொட்டையாக, பார்க்கப் பாவமாக நிற்கும். வீட்டில் உள்ளவர்கள் ஏதாவது சொல்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் மொட்டு பருத்துச் செதில் விரியும். இரண்டு வாரத்தில் தளிர் விரலளவு நீளும்போது, அதன் முதல் நான்கைந்து இலைகளின் கக்கத்தில் அந்தப் பச்சை உருண்டைகள் தெரியும். அங்கிருந்து பச்சை, சிவப்பு, கறுப்பு என்று போய், வெட்டிய நாளிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்குள் பழம் கைக்கு வரும். கிளைகளில் பாதியை இப்போதும் மீதியை ஆறு வாரம் கழித்தும் வெட்டினால் வீட்டுக்குப் பழம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். வெட்டியும் வெறும் தளிர்தான் வந்ததென்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். மரத்துக்கு அரைநாள் வெயிலாவது நேரடியாக விழுகிறதா? செம்பனை நிழலிலோ இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவிலோ நின்றால் இலைதான் வரும். யூரியாவோ கோழி எருவோ அள்ளிக் கொட்டினீர்களா? தழைச்சத்து மிஞ்சினாலும் இலைதான். அல்லது பழைய பருத்த கட்டையிலேயே வெட்டினீர்களா? அதிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் நெட்டையான வெறும் தளிர். அதை முதிரவிட்டு, நுனியைக் கிள்ளி இலையை நீக்கினால் அடுத்த சுற்றில் பூக்கும்.

இடமும் மண்ணும்

வீட்டுச் சுவர், லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), கழிவுத் தொட்டி ஆகியவற்றிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி நடுங்கள். ஈரத்தைத் தேடிப் போகிற வேர், சிமெண்ட் வெடிப்பில் நுழைந்துவிடும். கார் நிறுத்தும் இடமும் துணிக்கொடியும் பக்கத்தில் வேண்டாம். நம் தோட்டத்து மண் புளித்த மண். மல்பெரி அவ்வளவு புளிப்பைக் கேட்பதில்லை. ஒன்றரை அடிக் குழியில் இரண்டு மூன்று கைப்பிடி ஜி.எம்.எல். என்கிற மக்னீசியச் சுண்ணாம்புத் தூள் கலந்து இரண்டு வாரம் ஆறப்போட்டு, பிறகு எரு சேர்த்து நட வேண்டும். சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே நாளில் போட்டால் உரத்தின் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். கவாத்து செய்தபின் மட்கிய ஆட்டெரு ஒரு கூடை, நீலக் குருணையாகக் கிடைக்கும் 12:12:17:2 உரம் ஒரு கைப்பிடி, இலை விரிவின் ஓரத்தைச் சுற்றித் தூவினால் போதும். பால்மரம் நின்ற நிலமென்றால் பழைய கட்டை வேர்களைக் குழியிலிருந்து முழுக்கப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வெள்ளை வேர் நோய் பால்மரத்தோடு நிற்காது, மற்ற மரங்களுக்கும் தாவும்.

கன்று வாங்கவே வேண்டாம், கவாத்தில் விழுந்த குச்சியே போதும். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், நான்கு மொட்டு. அடியில் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டி, இரண்டு மொட்டு மண்ணுக்குள் போகும்படி நிழலில் வையுங்கள். இரண்டாவது வாரமே துளிர் வரும். அதை நம்பிப் பிடுங்கி நடக்கூடாது. அது குச்சியில் மிச்சமிருந்த சத்தில் வந்த துளிர், வேர் இன்னும் இறங்கியிருக்காது. ஆறேழு வாரம் பொறுத்து, பையின் அடியில் வேர் எட்டிப் பார்த்த பிறகுதான் இடம் மாற்ற வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழுவுக்காகப் பயிரிடும் ரகத்தின் குச்சியை ஊருக்குப் போகும் உறவினரிடம் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை இலைக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்கள், பழத்துக்கு ஆசைப்பட்டு அவற்றைத் தேட வேண்டியதில்லை. மேலும், அனுமதிச் சீட்டு இல்லாமல் செடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம், மண்ணோடும் குச்சியோடும் வரும் நோய்கள் பலவற்றுக்கு மருந்தும் கிடையாது.

வருகிற தொல்லைகள்

அதிகம் வருவது மாவுப்பூச்சி. தளிர் நுனி கரும்பச்சையாகச் சுருண்டு, முடிச்சுப் போட்டதுபோல் குறுகி நின்றுவிடும். பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவும் இளஞ்சிவப்புப் பூச்சியும் இருக்கும், கூடவே எறும்பும். மருந்து அடித்தாலும் சுருளுக்குள் போகாது. அந்த நுனிகளை நான்கு விரல் கீழே கிள்ளி, கீழே போடாமல் பைக்குள் கட்டி எரித்துவிட்டு, எறும்பு ஏறும் வழியை மறிக்க வேண்டும். எறும்புதான் அதற்குக் காவல். அடுத்தது துரு நோய்: இலையின் அடியில் செம்பழுப்புத் தூள் படியும், இலை மஞ்சளித்து விழும். மழைக்காலத்தில் அடர்ந்த மரத்துக்குத்தான் அது வரும், காற்று புகும்படி கிளையைக் களைந்தால் அடங்கும். தண்டில் துளையும் கீழே மரத்தூளும் தெரிந்தால் வண்டுப் புழு உள்ளே இருக்கிறது. மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தி, களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொன்று உண்டு. புதுத் தளிர் திடீரென்று ஊசியாக ஒடுங்கி, வெளுத்து, கோணலாக வந்தால் அது நோய் அல்ல, பக்கத்துச் செம்பனையில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து பட்டிருக்கிறது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, மற்றவை அடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தச் சுற்றுப் பழத்தைத் தின்னாதீர்கள், இலையை ஆட்டுக்கும் போடாதீர்கள். அந்தத் தளிர்களை வெட்டி ஒதுக்கிவிட்டு, மருந்தடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலிடம் பேசி வைப்பதுதான் வழி. கேட்டால் சொல்வார்கள்.

பழம்

சிவப்பில் பறிப்பதுதான் பரவலாக நடக்கும் தவறு. முழுக்கக் கறுத்து, தொட்டவுடன் கையில் விழ வேண்டும். அரைக்காயில் பால் இருக்கும், நிறையத் தின்றால் வயிற்றைக் கலக்கும். காலையில் பறித்து, கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மிச்சத்தைத் தட்டில் பரப்பி உறையவைத்துப் பிறகு பையில் போடுங்கள், ஒட்டாமல் இருக்கும். மிஞ்சிப் பழுத்ததில் சின்னப் புழு இருக்கக்கூடும், கால் மணி நேரம் உப்புத் தண்ணீரில் போட்டால் வெளியே வந்துவிடும். துணியில் பட்ட கறைக்கு அதே மரத்தின் பச்சைச் சிவப்புக் காயை நசுக்கித் தேய்த்து அலசுங்கள், அதன் புளிப்பு கறையை எடுக்கும். காய் இல்லையென்றால் எலுமிச்சை. கொண்டைக்குருவியும் குயிலும் அணிலும் பங்குக்கு வரும். வலை போட்டால் பறவை சிக்கிச் செத்துப்போகிறது. மரத்தைக் கையெட்டும் உயரத்தில் வைத்து, தினமும் விடிந்ததும் பறித்துவிட்டால் அவற்றுக்குப் போனது போக நமக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

இலைத்தேநீர் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிற பொருள் மல்பெரி இலையில் இருப்பது உண்மை. அதனாலேயே, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தினமும் குடிக்கக் கூடாது, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

உண்மையிலேயே ஆணாக இருந்தால்

பறவை போட்ட விதையில் முளைத்தது ஆணாக இருக்கலாம். பூவைப் பார்த்து உறுதியாகிவிட்டாலும் வேரோடு சாய்க்க அவசரமில்லை. ஆடு வளர்க்கிறவருக்கு அது தீவன மரம். காய்ந்த எடையில் பதினைந்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை புரதம் உள்ள இலை. முழங்காலுக்கு மேல் வெட்டி விட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தழைத்துவிடும். மழையில் நனைந்த இலையை அப்படியே போடாமல் ஒரு பொழுது வாடவிட்டு, நேப்பியர் புல்லோடு கலந்து கொடுங்கள். பழம்தான் வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டலாம், பால்மரத்தில் ஒட்டுக் கட்டிப் பழகிய கை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. மரத்தை முட்டியளவில் வெட்டி, வருகிற புதுத் தளிரில் நல்லதாக இரண்டை விட்டு மற்றதைக் களைந்து, அவை பென்சில் பருமன் ஆனதும் காய்க்கிற மரத்தின் மொட்டை பட்டையோடு சீவி எடுத்துப் பொருத்திக் கட்டுங்கள். நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் மழைநீர் உள்ளே இறங்காது. மூன்று வாரம் கழித்து அவிழ்க்கும்போது மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. அதற்கு ஒரு சாண் மேலே தளிரை வெட்டிவிட்டு, ஒட்டுக்குக் கீழே முளைக்கிற எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கிள்ளிக்கொண்டே வர வேண்டும். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் அடிமரத்துத் தளிர் ஒட்டை அமுக்கிவிடும்.